ஷாக் அப்சார்பர் மாற்றாத மாமன்

தாராபுரந்தானுங்க போகுது, தாராளமா உக்காருங்க. இருங்க, அந்தத் தட்டு என்றதுதான், மடியில வெச்சுக்கறேன். வாழப்பழம், வெத்தலை பாக்கு, ஒரு பட்டுப் பாவாடை. மாமன் சீருங்க. இன்னைக்குப் பத்தரையில இருந்து பன்னண்டுக்குள்ள என் தங்கச்சி ஊட்டுல அவ மகளுக்குக் காது குத்தறோம். தாய்மாமன் நானு. என் மடியில உக்கார வெச்சுத்தான் குத்தோணும்.

ரெண்டு காது இல்லீங்க, ஒரு காதுதான். வலது காது மூணு மாசத்துக்கு முன்னாடியே ஆச்சு. இடது காதும் ஆச்சு. ஆனா இடது காது இன்னொருக்கா ஆகோணும். அது என்ன கணக்குன்னு கேக்கறீங்க, கேக்கத்தான் வேணும்.

காரு இல்லியான்னும் கேளுங்களேன். இருக்குதுங்க! வெள்ளக் காரு, சின்னது, குடும்பத்துக்குன்னு வாங்குனது. அது இருக்கறதாலதான் நான் பஸ்ஸுல போறேன். என் தங்கச்சி பூங்கொடி கட்டன்ரைட்டாச் சொல்லிப்போட்டா. "அண்ணா, நீ பஸ்ஸுல வந்து எறங்கறத நான் கண்ணால பாக்கோணும். காருல வந்தீன்னா, பெரியப்பன் மகன் சம்பத்து மடியில உக்கார வெச்சுக் குத்திப்போடுவேன்." சம்பத்துங்க! அவனுக்கு மாலையை எந்தப் பக்கம் போடறதுன்னே தெரியாது. எங்கப்பா போனப்ப பூங்கொடிக்குப் பதினோரு வயசு. அவளுக்குப் பொறந்த ஊடுன்னா நான் ஒருத்தந்தானுங்க. அந்த மடியை இன்னொருத்தனுக்குக் குடுத்துப்போட்டா அப்பறம் நான் எதுக்குங்க? நாலு நாளா சோறு எறங்கல எனக்கு.

என்ற பேரு சென்னியப்பன். காங்கேயத்துல தாலுகா ஆபீஸ் எதுக்க ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கேன். ஆனா காரப் பத்தி நம்மளுக்கு அறிவு ஜாஸ்திங்க. கடையில கூட்டமில்லாத நேரம் போனுல பூராவும் அந்த வீடியோதான் பாப்பேன். என் சம்சாரம் வளர்மதி கூடச் சொல்லுவா, "நீங்க பாக்கறதோட நிறுத்தியிருந்தா நம்ம குடும்பம் எங்கியோ போயிருக்கும்"னு. பெருமையாத்தான் சொல்லுவா.

விசயத்துக்கு வர்றேன். எங்க மாப்பிள்ளை, அதாவது பூங்கொடி ஊட்டுக்காரரு ஈஸ்வரமூர்த்தி, அவங்க கொலதெய்வக் கோயிலு தாராபுரத்துக்கு அந்தாண்ட. மெயின் ரோட்டுல இருந்து மூணு கிலோமீட்டர் மண் தடம், கல்லும் குழியும். போன வருசம் பொங்கலுக்குக் கூப்புட்டாங்கன்னு போனோம். பாதித் தடத்துல எங்காரு வயிறு தட்டி நின்னுபோச்சு. நடுவுல ஒரு மேட்டு மேல காரு உக்காந்துக்கிச்சு, நாலு சக்கரமும் சும்மா சுத்துது. மாப்பிள்ளை ஊட்டுச் சனம் டிராக்டர் கொண்டாந்து கயித்தைக் கட்டி இழுத்தாங்க. ஒரு கெழவர் சொல்றாருங்க, "மாமன் வர்றாருன்னு பாத்தா மாமனைக் கட்டி இழுத்துட்டு வர்றாங்க"ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. வளர்மதியும் சிரிச்சா. அதுதானுங்க எனக்குத் தாங்கல.

அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். பாப்பாளுக்கு மொட்டையடிச்சுக் காது குத்தறப்ப மாமன் சீர் அந்தத் தடத்துல ஒசரமாப் போகோணும். புதுக் காரு வாங்க நம்மனால ஆகாது. சக்கரத்தையும் ஸ்பிரிங்கையும் மாத்துனாப் போதும், அதே காரு ரெண்டு விரக்கடை ஒசந்துக்கும். எல்லா வீடியோவுலயும் அப்படித்தான் சொல்றான். அந்த வீடியோக்காரனுக செலவு பண்றது மட்டும் நம்மளுக்குச் சரிப்பட்டு வராது. நம்மது சிக்கன முறை.

மொதல்ல சக்கரம். பழைய கார் சாமான் விக்கற கடைக்குப் போனேன். பெரிய அலாய் வீல், பளபளன்னு. ஆனா ஒரே மாதிரி நாலு இல்லீங்க. நட்சத்திர டிசைனுல ரெண்டு, தாமரை டிசைனுல ரெண்டு. கடைக்காரரு சங்கடப்பட்டாரு. நான் சொன்னேன், "ஏனுங்க, ஒரு காரோட நாலு சக்கரத்தையும் ஒரே நேரத்துல பாத்த மனுசன் இந்த ஒலகத்துல இருக்கானா?" அவரு யோசிச்சுப் பாத்துட்டு இல்லீன்னாரு. அப்பறமென்ன? வலது பக்கம் ரெண்டு நட்சத்திரம், எடது பக்கம் ரெண்டு தாமரை. எங்க வீதியில எதுத்தூட்டு டீச்சரம்மா ஒரு மாசம் எங்களுக்கு ரெண்டு காருன்னு நெனச்சிருந்தாங்க. கௌரவந்தானுங்களே!

பெரிய சக்கரம் போட்டதுல இன்னொரு லாபம் யாரும் சொல்லல, நானாக் கண்டுபுடிச்சேன். காங்கேயத்துல இருந்து தாராபுரம் முப்பத்திரண்டு கிலோமீட்டருன்னு கல்லுல போட்டிருக்கும். என் காரு மீட்டருல பாத்தா முப்பதுதான்! தங்கச்சி ஊடு ரெண்டு கிலோமீட்டர் கிட்ட வந்துருச்சு. குழந்தைவேலுகிட்டச் சொன்னேன். அவன் தலையில கையை வெச்சுட்டு நின்னான்.

குழந்தைவேலு எங்க மெக்கானிக்குங்க. நல்லவன், தொழில் தெரிஞ்சவன், ஆனா பயந்தாங்கொள்ளி. ஸ்பிரிங்குக்கு நான் ஒரு வேனு ஸ்பிரிங்கு வாங்கியாந்தேன், முரட்டுச் சாமான். அதைப் பாத்துட்டு அவன் சொல்றான், "அண்ணா, இந்த ஸ்பிரிங்கு போட்டா ஷாக் அப்சார்பரும் சேத்து மாத்தோணும். உங்குளுது பழசு, செத்துப்போச்சு." நான் கேட்டேன், "ஸ்பிரிங்கு வேலை என்னடா?" "வண்டியத் தூக்கறதுங்ணா." "ஷாக் அப்சார்பர் வேலை?" "ஆட்டத்தை நிறுத்தறதுங்ணா." "நம்மளுக்கு வண்டி ஒசரோணும், அவ்வளவுதான். அதைத் தூக்கிப்போடு. ஆட்டம் தானா நிக்கும். எந்த ஆட்டந்தான்டா நிக்காம இருந்திருக்குது?" ஸ்பேனரை எடுத்துட்டு வண்டிக்கடியில போயிட்டானுங்க.

பூட்டியாச்சு. காரு ஜம்முனு ஒசந்து நின்னுச்சு. என்ன, ஏறத்தான் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலு வேணும். வளர்மதி பட்டுச்சேலையோட ஸ்டூல் மேல ஏறி நின்னுட்டு என்னை ஒரு பார்வை பாத்தா பாருங்க, மகாராணி மாதிரி இருந்தா. ஆட்டம் கொஞ்சம் இருந்துச்சுங்க, இல்லீங்கல. காங்கேயம் பஸ் ஸ்டாண்டு வேகத்தடையில ஏறி எறங்குனா பாதி வழியில இருக்கற ஊதியூர் வரைக்கும் காரு ஆமா ஆமான்னு தலையாட்டிட்டே போகும். அப்பறம் ஸ்டீரிங்கை முழுசா ஒடிச்சா டயரு மட்கார்டுல ஒரசும். அதனால வண்டியத் திருப்போணும்னா ஒரு தெருவையே சுத்தியாகோணும். எடது பக்கமா வேற சித்தெ இழுக்கும். எடது பக்கம் போறதுதானுங்க சட்டம். எங்காரு தானாச் சட்டத்தை மதிக்குது, இதுக்குப் போயி அலைன்மென்ட்டு பாருங்கறான் குழந்தைவேலு!

காதுகுத்து அன்னைக்குக் காலையில எங்க பங்காளிக எல்லாரையும் காருலயே வாங்கன்னு கூப்புட்டேன். ஒவ்வொருத்தருக்கும் டெம்போதான் புடிக்குமாம். காத்தோட்டமா இருக்குமாம். வளர்மதியும், "தட்டெல்லாம் டெம்போவுல வருது, கூட ஆள் வேண்டாமா?"ன்னு அதுல ஏறிட்டா. பொறுப்பானவ. கம்மலு மட்டும் எங்கிட்டக் குடுத்தா. ரெண்டு சின்னக் கம்மலு, தங்கம், குருத்து மாதிரி இருக்கும். ஒரு கிண்ணத்துல மஞ்சத்துணி விரிச்சு வெச்சு பின் சீட்டுல வெச்சேன். தனியாத்தான் ஓட்டிட்டுப் போனேன். ராசா மாதிரி.

அந்த மண் தடத்துல எங்கியாவது தட்டுச்சுங்கறீங்க? ஒரு கல்லு தொடலீங்க! போன வருசம் மாட்டுன அதே மேட்டுல துள்ளிக் குதிச்சுத் தாண்டுச்சு. நானுந்தான் துள்ளுனேன், மண்டை கூரையில இடிச்சுச்சு, அது கெடக்குது. கோயிலு முன்னால வண்டிய ஒடிச்சு நிறுத்த முடியலீங்க. கோயிலைச் சுத்தி வந்தேன், எடம் சரியா அமையல. இன்னொருக்கா சுத்துனேன். மூணாவது சுத்துலதான் நின்னுச்சு. "மாமனுக்கு என்ன பக்தி பாரு"ன்னு அந்தக் கெழவரே சொன்னாருங்க. அன்னைக்கு எனக்கு இருந்த சந்தோசம் இருக்குதே, சொல்லி முடியாது.

எறங்கிக் கிண்ணத்தைப் பாத்தா மஞ்சத்துணி மட்டும் இருக்குது. கம்மலைக் காணம்!

அங்க பாப்பாளுக்கு மொட்டை அடிச்சு முடிச்சாச்சு. பேரு தர்ஷிகா, மூணு வயசு. மொட்டையடிச்சதுக்கே ஊரக் கூட்டறா. ஆசாரி ஊசியோட உக்காந்திருக்காரு. நல்ல நேரம் முடிய அரை மணிதான் இருக்குது. பூங்கொடி பாப்பாளைத் தூக்கிட்டு ஓடியாந்து, "அண்ணா, கம்மல் எங்க?"ங்கறா. நான், "பத்திரமா காருக்குள்ளதான் இருக்குது"ன்னேன். பொய் இல்லீங்க, காருக்குள்ளதான் இருந்துச்சு. காருக்குள்ள எங்கன்னுதான் தெரியல. நான் தேடறேன், நீ இவளைப் புடின்னு சொல்றதுக்குள்ள, அழுகற புள்ளைய எங்கையில குடுத்துட்டு அவ மணைப் பக்கம் ஓடிட்டா. நானும் பாப்பாளைத் தூக்கிட்டே பின் சீட்டுல ஏறி, குனிஞ்சு, கையை உட்டுத் துழாவறேன். நான் குனிய நிமிர, காரு மேலயும் கீழயும் ஆடுது. கம்மல் ரெண்டும் கால் வெக்கற ரப்பர் விரிப்புக்கு அடியில கெடந்துச்சு. எடுத்துட்டு நிமிந்து பாத்தா...

அழுகை நின்னுபோச்சுங்க.

சிரிக்கறா. மொட்டத் தலையோட, மூக்குச் சளியோட, கெக்கெக்கென்னு சிரிக்கறா. "மாமா, இன்னும்"ங்கறா. நான் ஒரு எம்பு எம்புனேன், காரு பத்து ஆட்டம் ஆடுச்சு. "இன்னும்"ங்கறா. வெளிய எறக்கப் பாத்தா கத்தறா, உள்ள உட்டாச் சிரிக்கறா. நேரம் போயிட்டே இருக்குது. நாந்தானுங்க சொன்னேன், "ஆசாரியாரே, நீங்க உள்ள வந்துருங்க. மாமன் மடிதான முக்கியம், அது மணையில இருந்தா என்ன, சீட்டுல இருந்தா என்ன?"

மாப்பிள்ளை சட்டைக் கையை மடிச்சுட்டுப் பின்னால வந்து டிக்கி மேல கையை வெச்சாருங்க. அவரும் அவரு தம்பியும் அமுக்க அமுக்க, காரு ஆட ஆட, மேளக்காரரு வேற அதுக்குத் தகுந்தாப்புல அடிக்க ஆரம்பிச்சுட்டாரு. கொலதெய்வக் கோயிலு மொதக்கொண்டு குலுங்கற மாதிரி இருந்துச்சு. ஆசாரி மட்டும் முன் சீட்டைக் கெட்டியாப் புடிச்சுட்டு உக்காந்திருக்காரு, மூஞ்சி வெளுத்துப்போச்சு. வலது காதுக்கு அவரு கையத் தூக்குனதும் ரெண்டு பேரும் நிறுத்துனாங்க. காரும் ஆடி ஆடி ஓஞ்சு நின்னுச்சு. சுருக். குத்தியாச்சு. அவ லேசா மூஞ்சியச் சுளிச்சா, மறுபடி அமுக்கினாங்க, சிரிச்சுட்டா.

இடது காதுக்குத்தான் நேரம் நெருங்கிருச்சு. வெளிய இருந்து ஆளாளுக்கு, "நேரம் முடியுது, முடியுது, சீக்கிரம்"ங்கறாங்க. ஆசாரி, "நிறுத்துங்க!"ன்னாரு. அவங்க நிறுத்திட்டாங்க. காரு நிறுத்தல.

அவ்வளவுதானுங்க நடந்தது. தொளை ஒரு நெல்லு அளவு மேல தள்ளி உழுந்துருச்சு. அங்க ஆருமே கவனிக்கல. விருந்து சாப்புட்டு, போட்டோ புடிச்சு, சந்தோசமா ஊடு வந்து சேந்தோம். ரெண்டு நாள் கழிச்சுப் போட்டோ வந்ததும் பூங்கொடி போன் பண்றா. "அண்ணா, எம்புள்ளைக்கு ஒரு கம்மல் மேல, ஒரு கம்மல் கீழ தொங்குது!" நான் பதறாமச் சொன்னேன், "தலைய லேசா எடது பக்கம் சாச்சுட்டுப் பாரு கண்ணு, மட்டமா வந்துரும்." வெச்சுட்டாளுங்க போனை. அப்பறம் மூணு மாசம் எங்கிட்டப் பேசல. மூணு மாசம்! நான் எத்தனையோ தடவ கூப்புட்டேன். ஒரு தடவ மாப்பிள்ளைதான் எடுத்து, "மச்சான், கொஞ்ச நாள் ஆகட்டுங்க"ன்னாரு. கடையில உக்காந்து ஜெராக்ஸ் எடுத்துட்டே அழுதிருக்கேங்க. ஒருத்தரு பட்டாவுல என் கண்ணுத்தண்ணி உழுந்து திட்டு வாங்குனேன்.

அப்பறம் கம்மலைக் கழட்டி உட்டதுல அந்த இடது காதுத் தொளை தூந்து போச்சு, திரும்பக் குத்தோணும்னு நாள் பாத்தப்பத்தான் வளர்மதி நடுவுல போயிப் பேசி இந்த ஏற்பாடு. நான் பஸ்ஸுல போகோணும். காரைப் பழையபடி ஆக்கிப்போடோணும். பழைய சக்கரம், பழைய ஸ்பிரிங்கு. இன்னைக்குக் காலையில ஏழு மணிக்கே குழந்தைவேலு பட்டறையில கொண்டு போயி உட்டுட்டு, திரும்பிப் பாக்காம வந்துட்டேன். பாத்தா மனசு கேக்காது. எத்தன ஒசரமா நின்ன வண்டிங்க.

ஒரு நிமிசமுங்க, போனு அடிக்குது. தங்கச்சிதான்.

சொல்லு கண்ணு. பஸ்ஸுலதான் வர்றேன், சத்தியமா. வேணும்னா கண்டக்டருகிட்டக் குடுக்கறேன், கேட்டுக்க... என்னது? கட்டிலுக்கு அடியிலயா? ஆசாரியப் பாத்துட்டா? எத்தன நேரமா?... சம்பத்து கூப்புட்டுப் பாத்தானா?... கடிச்சுப்போட்டாளா! எந்தக் கையி?... இல்ல, சும்மாதான் கேட்டேன்... நான் சிரிக்கல கண்ணு, பஸ்ஸு சத்தம் அது... என்ன கேக்கறா? இன்னொருக்காச் சொல்லு. மாமனோட ஆடற காரு வந்தாத்தான் வெளிய வருவாளா?

அழுகாத பூங்கொடி. நீ அழுகாத. உங்கண்ணன் உசுரோடதான இருக்கேன்? பன்னண்டு வரைக்கும் நேரம் இருக்குது. ஆசாரிக்கு ஒரு டீத்தண்ணி குடு, போயிராமப் பாத்துக்க. வெய்யி.

கேட்டீங்களா? கேட்டீங்களாங்க? மூணு மாசங் கழிச்சு அவ வாயாலயே சொல்றா, காரக் கொண்டாண்ணான்னு! இருங்க, கண்ணத் தொடச்சுக்கறேன். குழந்தைவேலு... எடுடா, எடுடா...

டேய் குழந்தைவேலு! கையில என்ன வெச்சிருக்கற? ஸ்பேனரா? கீழ வெய்யி. சொன்னாக் கேளு, மொதல்ல கீழ வெய்யி. எதெதக் கழட்டுன?... முன்னாடி ஸ்பிரிங்கு ரெண்டையும் கழட்டிப் பழசைப் பூட்டிட்டயா? ஐயையோ!... பின்னாடி?... தொடலியே? சக்கரமும் மாத்தலியே?... நீ நல்லா இருப்படா, உங்குடும்பம் நல்லா இருக்கும்! பின்னாடி ஆடுனாப் போதும், நாங்க பின் சீட்டுலதான் உக்காருவோம்... முன்னாடி பள்ளம் பின்னாடி மேடாத்தான் இருக்கும், இருக்கட்டும், நீயே ஓட்டிட்டு ஊதியூர் பஸ் ஸ்டாப்புக்கு வந்துரு. நான் எறங்கி நிக்கறேன்... பாக்கறவங்க என்ன வேணா நெனைக்கட்டும்டா. வா!

கண்டக்டர்! ஊதியூருல எறங்கறேனுங்க, விசிலு அடிங்க.

ஏனுங்க, தப்பா நெனைக்காதீங்க, தாராபுரத்துல உங்களுக்கு என்ன அவசர வேலை? இல்லீங்க, ஒரு யோசனை. ஆட்டறதுக்கு மாப்பிள்ளை இருக்காரு, அவரு தம்பி இருக்காரு. ஆசாரி 'நிறுத்து'ன்ன ஒடனே ஆட்டத்தை நிறுத்தத்தான் ஆளில்ல. டிக்கியத் தொறந்து வெச்சுருவோம். அவரு சொன்னதும் நீங்க பொக்குனு வந்து அதுல உக்காந்துருங்க, அவ்வளவுதான் வேலை. உங்க ஒடம்பு வாகுக்கு நீங்க ஒருத்தரே போதுமுங்க, ரெண்டு ஷாக் அப்சார்பருக்குச் சமானம். விருந்து சாப்புட்டுட்டுப் போலாம். எந்திரிங்க, ஊதியூரு வந்துருச்சு.